மூழ்கிய கப்பல்களும் அழைக்கப்படாத சாட்சிகளும்

கப்பல் மூழ்குவதையும், புயல் வீசுவதையும், வெள்ளம் ஊரை அடித்துப் போவதையும் காட்டும் சினிமாப் படங்களுக்கு எந்நாளும் ஜனக் கூட்டம் குறைந்ததில்லை. பட்டணத்துக் கொட்டகையில் மெத்தை நாற்காலியில் அமர்ந்து பார்ப்பவரும் சரி, தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய காலத்தில் பாயை விரித்துப் பார்த்தவரும் சரி, திரையில் அலை எழும்பும்போது மூச்சை அடக்கிக் கொண்டே பார்த்திருக்கின்றனர். இதில் வியப்பொன்றுமில்லை. நம்மில் பலருடைய குடும்பத்துக்கு இந்நாட்டு வாழ்க்கை கப்பலில்தான் தொடங்கியது. ஆகவே இத்தகைய படங்களை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் தகாது. அவை என்ன சொல்லுகின்றன, யாரைப் பற்றிச் சொல்லுகின்றன, யாரைச் சொல்லாமல் விடுகின்றன என்று கேட்பது நம் கடமையாகும்.

இவற்றை மதிப்பிடப் பத்திரிகைகள் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் பெரும்பாலும் ஒன்றே: அலை எவ்வளவு உயரம் எழுந்தது, கப்பல் எவ்வளவு தத்ரூபமாக உடைந்தது, செலவு எத்தனை கோடி என்பதே அது. தச்சனையும் தந்திரக் காட்சி நிபுணனையும் பாராட்ட இந்த அளவுகோல் உதவலாம். கதையை மதிப்பிட உதவாது. நாம் வேறோர் அளவுகோலைக் கையில் எடுப்போம். ஒரு விபத்து நேர்ந்தபின் விசாரணை நடக்கிறது. அந்த விசாரணையில் சிலர் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகின்றனர், பலர் அழைக்கப்படுவதேயில்லை. பிற்காலத்தில் அவ்விபத்தைப் படமாக எடுக்கிறவன், அழைக்கப்படாத அந்தச் சாட்சிகளை அழைத்தானா, அல்லது முன்பே பேசியவர்களையே மறுபடியும் பேசவைத்தானா?

இதற்கு டைட்டானிக் கப்பலைக் காட்டிலும் தெளிவான உதாரணம் இல்லை. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 11.40 மணிக்கு அக்கப்பல் பனிப்பாறையில் மோதியது. இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் கடலடியில் சென்றது. ஏறக்குறைய 2,200 பேர் அதில் இருந்தனர். படகுகளோ 20, அவற்றில் இடம் 1,178 பேருக்கு. பிரிட்டிஷ் வர்த்தக போர்டாரின் விதி 1894ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எதுவாயினும் 16 படகு இருந்தால் போதும் என்று அது கூறிற்று. டைட்டானிக்கோ 46,000 டன் கப்பல். ஆகவே கம்பெனியார் சட்டப்படி குற்றவாளிகள் அல்லர்; சட்டம் கேட்டதற்கு மேலாகவே நான்கு படகு வைத்திருந்தனர்! இருந்த படகுகளும் நிரம்பவில்லை. முதலில் இறங்கிய படகில் 65 பேருக்கு இடம் இருக்க, 28 பேர்தாம் சென்றனர். 40 பேர் கொள்ளும் மற்றொன்றில் 12 பேரே சென்றனர். முதல் வகுப்புப் பெண்களில் நூற்றுக்கு மூவரைத் தவிர எல்லோரும் பிழைத்தனர். மூன்றாம் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர்கூடப் பிழைக்கவில்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு மடிந்தது.

இலண்டனில் மெர்சி பிரபு தலைமையில் விசாரணை நடந்தது. மூன்றாம் வகுப்பாருக்காக ஒரு வக்கீல் நின்றார். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிரயாணி ஒருவர்கூடச் சாட்சியாக அழைக்கப்படவில்லை. பன்னிருவருடன் போன அந்தப் படகில் சென்ற டஃப் கார்டன் தம்பதிகள் அழைக்கப்பட்டனர். கம்பெனித் தலைவர் இஸ்மே அழைக்கப்பட்டார். இறுதியில் வெளிவந்த அறிக்கை, மூன்றாம் வகுப்பார் அநியாயமாக நடத்தப்படவில்லை என்று கூறிற்று. அவர்கள் அதிகமாக மாண்டதற்குக் கூறப்பட்ட காரணங்கள் என்ன? கப்பலை விட்டு இறங்க அவர்களுக்கு மனமில்லையாம். தங்கள் மூட்டை முடிச்சுகளை விட்டுப் பிரிய மனமில்லையாம். அவர்கள் தங்கியிருந்த இடம் கப்பலின் இரு கோடிகளில் தூரமாக இருந்ததாம். முதலிரண்டு காரணங்களைப் படிக்கும்போது, கூலிக்காரன் செத்தால் அவன் குணத்தின்மேலேயே பழி போடும் வழக்கம் எல்லாக் கடல்களிலும் ஒன்றுதான் என்று எண்ணத் தோன்றுகிறது.

இனிப் படங்களைப் பார்ப்போம். விபத்து நடந்த ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே, 1912 மே மாதத்தில், அமெரிக்காவில் முதற்படம் வெளிவந்துவிட்டது. அதில் நடித்தவர் டாரதி கிப்சன் என்னும் நடிகை. டைட்டானிக்கில் முதல் வகுப்பில் வந்து உயிர் தப்பியவர். அன்றிரவு அணிந்திருந்த உடையையே படத்திலும் அணிந்து நடித்தார் என்பர். அந்த ஊமைப்படம் இன்று இல்லை; பிரதிகள் அழிந்துவிட்டன. அவர் தப்பியது எந்தப் படகில் தெரியுமா? 28 பேருடன் பாதி காலியாக இறங்கிய அந்த முதற்படகிலேதான். அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று; கண்ட பயங்கரத்தை ஒரு மாதத்துக்குள் மறுபடியும் நடித்துக் காட்ட நேர்ந்தது இரங்கத்தக்கதே. ஆயினும் திரையில் முதன்முதல் சாட்சி சொன்னவர் முதல் வகுப்பார், முதற்படகில் ஏறியவர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பழியைக் கடல்மேல் போடாமல் மனிதர்மேல் போட்டால் படம் நல்லதாகிவிடுமா? அவ்வளவு சுலபமன்று என்பதற்கு 1943ஆம் ஆண்டில் நாஜி ஜெர்மனி எடுத்த டைட்டானிக் படமே சான்று. அதில் கம்பெனிப் பங்கின் விலையை உயர்த்துவதற்காகக் கப்பலை வேகமாக ஓட்டச் சொல்லும் ஆங்கில முதலாளி வருகிறான். எச்சரிக்கை செய்யும் உத்தமனாக, உண்மைக் கப்பலில் இல்லாத ஒரு ஜெர்மன் அதிகாரி வருகிறான். முதலாளியின் பேராசையைச் சாடுவதுபோல் தோன்றும். உள்ளே இருப்பதோ ஓர் இனத்தின்மேல் துவேஷம். டைரக்டர் ஹெர்பர்ட் செல்பின் இராணுவத்தாரைக் குறைத்துப் பேசியதற்காகக் கைதாகி, 1942 ஆகஸ்டில் சிறை அறையில் பிணமாகக் கிடந்தார். எடுத்து முடித்த படத்தை ஜெர்மனிக்குள் காட்டக் கூடாது என்று கோயபல்ஸே தடுத்துவிட்டார். படப்பிடிப்புக்குப் பயன்பட்ட காப் ஆர்க்கோனா என்னும் கப்பலின் கதை அதனினும் கொடியது. 1945 மே 3ஆம் தேதி, கொடுஞ்சிறை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான கைதிகளை அடைத்து லூபெக் விரிகுடாவில் அது நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே இருப்போர் யார் என்றறியாத பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. அதிலும் பக்கத்தில் நின்ற மற்றொரு கப்பலிலுமாகச் சுமார் 7,000 பேர் மடிந்தனர். பிறர் கப்பலில் ஏழைகள் அடைபட்டுச் செத்தார்கள் என்று படம் எடுத்தவர்களின் அரசாங்கம், அதே கப்பலில் மனிதரை அடைத்து வைத்தது. சாட்சியை அழைப்பது என்பதும், சாட்சியின் பெயரால் தன் வழக்கைத் தானே பேசிக்கொள்வது என்பதும் வெவ்வேறு.

1958ஆம் ஆண்டில் ராய் வார்ட் பேக்கர் எடுத்த ஆங்கிலப் படம், நம் கருத்தில், இவ்வரிசையில் தலைசிறந்தது. வால்டர் லார்டு 1955இல் எழுதிய நூலை அது ஆதாரமாகக் கொண்டது. உயிர் பிழைத்தவர் பலரைத் தேடிப் பிடித்துக் கேட்டு எழுதப்பட்ட நூல் அது. கப்பலின் நாலாவது அதிகாரியாக இருந்த பாக்ஸ்ஹால் படப்பிடிப்பில் ஆலோசகராக அமர்ந்தார். காதலன் காதலி இல்லை. கெட்ட சிரிப்புச் சிரிக்கும் வில்லன் இல்லை. வேலை செய்கிற மனிதர்கள் உண்டு: தந்தி அடிப்பவன், கரி தள்ளுபவன், ரொட்டி சுடுபவன், தாயைத் தொலைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேற்றும் கிழப் பணியாள். பூட்டிய கம்பிக் கதவுக்கு இப்புறம் நிற்கும் மூன்றாம் வகுப்பார் உண்டு. அருகில் நின்றிருந்த கலிபோர்னியன் கப்பலும் உண்டு. அதன் தந்திக்காரன் படுத்துத் தூங்குகிறான், மேல்தட்டில் நிற்பவர்கள் ஆகாயத்தில் வெடிக்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். ஒருவனும் கொலைகாரன் அல்லன். ஒவ்வொருவனும் தனக்கு இட்ட வேலையை மட்டும் செய்தான். அதனால் ஆயிரத்தைந்நூறு பேர் செத்தார்கள். இந்த உண்மையை இவ்வளவு அமைதியாகச் சொன்ன படம் வேறொன்று நாம் பார்த்ததில்லை.

குறை இல்லாமலும் இல்லை. கதையைத் தாங்கிச் செல்பவர் இரண்டாம் அதிகாரி லைட்டோலர். எனவே மேல்தட்டில் நின்று பார்க்கும் பார்வையே படத்தில் மிகுதி. ஆங்கிலேயர் சாகும்போதும் நிதானம் இழக்கமாட்டார் என்னும் பெருமையும் அங்கங்கே தலைகாட்டுகிறது. கப்பல் உடையாமல் முழுசாக மூழ்குவதாகக் காட்டினார்கள். 1985இல் கடலடியில் அது இரண்டு துண்டாகக் கிடப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இது பெரிய பிழையன்று. முன்னே சொன்ன நாஜிப் படத்தின் சில துண்டுக் காட்சிகளையும் இதில் ஒட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்தபின், அந்தக் காட்சிகள் வரும்போதெல்லாம் நமக்கு உறுத்துகிறது.

ஜேம்ஸ் கேமரனின் 1997ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்காதவர் நம்மில் சிலரே இருப்பர். 11 ஆஸ்கார் பரிசு பெற்றது. உலகெங்கும் நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்த முதற்படம். பணக்காரப் பெண்ணும் ஏழை ஓவியனும் காதலிப்பதைக் கண்டு, இது நம்மவரின் கட்சி பேசும் படம் என்று பலர் மகிழ்ந்தனர். படகுகள் போதா என்பதைக் கதாநாயகி கணக்குப் போட்டுக் கேட்பதும், மேல்தட்டு அடைசலாகத் தெரியும் என்று கூடுதல் படகுகள் மறுக்கப்பட்டன என்று கப்பலை வரைந்தவர் பதில் கூறுவதும் அதில் உண்டு, அதற்காகப் பாராட்டலாம். ஆனால் அந்த உரையாடல் உலாவும் நேரத்தில் வந்து உலாவோடு போய்விடுகிறது. பிறகு துப்பாக்கியுடன் துரத்தும் மாப்பிள்ளைதான் எல்லாத் தீமைக்கும் உருவாகிறான். வகுப்பு வேற்றுமை என்பது ஒரு கெட்டவனின் குணமாகச் சுருங்கிவிட்டது. அவனை வெறுத்துவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வருகிறவனுக்கு 1894ஆம் ஆண்டு விதியைப் பற்றிய நினைவு எங்கே இருக்கும்? முதல் அதிகாரி மர்டாக் பிரயாணியைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்வதாகவும் காட்டினார்கள். அவருடைய சொந்த ஊரார் மனம் புண்பட்டதால், படக் கம்பெனியார் 1998இல் ஸ்காட்லாந்து சென்று வருத்தம் தெரிவித்து, ஊர்ப் பள்ளிக்கு 5,000 பவுன் கொடுத்தனர். அதிகாரியின் ஊரார் கேட்டார்கள், கிடைத்தது.

கேட்க ஆளில்லாதவர்களின் கதி வேறு. டைட்டானிக்கில் எட்டுச் சீனத் தொழிலாளிகள் மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்தனர். ஆறு பேர் பிழைத்தனர். அவர்களில் நால்வர், இஸ்மே ஏறிய அதே படகில் தப்பியவர்கள். ஃபாங் லாங் என்பவர் மிதந்த மரத்துண்டில் கிடந்தபோது, திரும்பி வந்த அதிகாரி லோவின் படகு அவரை ஏற்றிக்கொண்டது. உணர்வு தெளிந்ததும் துடுப்பை வாங்கி வலித்தார். நியூயார்க் சேர்ந்ததும் என்ன நடந்தது? சீனர் உள்ளே வரக் கூடாது என்னும் சட்டம் அங்கே இருந்தது. மற்றப் பிழைத்தவர்களுக்கு அன்னமும் ஆடையும் கொடுத்த பட்டணம், இவர்களை அடுத்த நாளே வேறு கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டது. பத்திரிகைகள் இவர்கள் படகில் ஒளிந்துகொண்டு வந்தவர்கள் என்று ஏசின. கேமரன் ஃபாங் லாங் காப்பாற்றப்படும் காட்சியை எடுத்தார். பின்னர்ப் படத்திலிருந்து வெட்டிவிட்டார். மிதக்கும் பலகைமேல் கிடந்து பிழைப்பது கதாநாயகியின் பங்காயிற்று. ஆர்தர் ஜோன்ஸ் என்பவர் பிற்காலத்தில் வெளியிட்ட 'ஆறு பேர்' என்னும் உண்மைப் படம் அவர்களைத் தேடிச் சென்று கதையை வெளியே கொண்டுவந்தது. கேமரனே அதற்குத் துணை நின்றார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் சாட்சி கூண்டுக்கு வர நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அட்லாண்டிக் கடல் வேண்டாம். நம் துறைமுகத்துக்கே வருவோம். 1880 ஜூலை மாதத்தில் ஜெட்டா என்னும் கப்பல் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் 950க்கு மேற்பட்ட ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஏடனை நெருங்கும் கடலில் புயலில் சிக்கி நீர் புகுந்தது. கப்டனும் வெள்ளை அதிகாரிகளும் ஒரு படகில் இறங்கிப் போய்விட்டனர். வேறு கப்பல் ஒன்று அவர்களை ஏற்றி ஏடனில் விட்டது; ஜெட்டா மூழ்கிவிட்டது, எல்லோரும் மாண்டனர் என்று அங்கே சொன்னார்கள். மறுநாளோ, ஆன்டெனார் என்னும் கப்பல் ஜெட்டாவை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குள் வந்தது! மூழ்கியதாகச் சொல்லப்பட்ட யாத்திரிகர் உயிரோடு மேல்தட்டில் நின்றனர். கைவிடப்பட்டபின் அவர்களும் எஞ்சிய மாலுமிகளும் நீரை இறைத்து இறைத்தே கப்பலை மிதக்க வைத்திருந்தனர். விசாரணையில் கப்டனுடைய சான்றிதழ் மூன்று ஆண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த உண்மை நிகழ்ச்சியிலிருந்து ஜோசப் கான்ராட் 'லார்டு ஜிம்' நாவலை எழுதினார்; ரிச்சர்டு புரூக்ஸ் 1965இல் அதைப் பீட்டர் ஓட்டூலை வைத்துப் படமாக்கினார். நாவல் பெரிய நாவல் என்பதில் நமக்கு ஐயமில்லை. கோழைத்தனத்தைப் பற்றி அவ்வளவு ஆழ்ந்து எழுதினவர் அரியர். ஆனால் படத்தில் யாத்திரிகர் யார்? இருட்டில் நெருங்கிப் படுத்திருக்கும் ஒரு திரள். ஒரு வெள்ளை இளைஞனின் மனச்சாட்சி உறுத்துவதற்காக வைக்கப்பட்ட பாரம். அவர்கள் வாளியை எடுத்தது யாருக்கும் கதையாகத் தோன்றவில்லை. ஓடிப்போனவனுக்குக் காவியம், கப்பலைக் காப்பாற்றினவர்களுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. 1926 முதல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமிடையே ஓடிய ரஜூலாக் கப்பலில் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இதைப் படிக்கின்றனர். அவர்களுக்கு இதை விவரித்துக் கூற வேண்டியதில்லை.

வேற்றினத்தார் எடுத்த படங்களையே குறை கூறிவிட்டு நம்மவர் படத்தை மறைத்தல் நியாயமாகாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை நம் தமிழகக் கரையில் சுமார் 8,000 உயிரைக் கொண்டுபோயிற்று. அவற்றில் ஆறாயிரத்துக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டம் ஒன்றில் மட்டும். மலேசியாவில் 68 பேர், பெரும்பாலோர் பினாங்கில். நான்காண்டு கழித்து, 2008இல், கே. எஸ். ரவிக்குமார் டைரக்ஷனில் கமலஹாசன் பத்து வேடம் தாங்கிய 'தசாவதாரம்' வந்தது. அதில் உலகத்தை அழிக்கத்தக்க நோய்க்கிருமி ஒன்று வெளிப்படும் தறுவாயில் ஆழிப்பேரலை வந்து, கடல் உப்பினால் அதை அழித்துவிடுகிறது. நூற்றாண்டுகளுக்குமுன் கடலில் எறியப்பட்ட பெருமாள் சிலையும் அந்த அலையினால் கரை சேருகிறது. நாயகனும் நாயகியும் கடவுள் உண்டா இல்லையா என்று அந்தச் சிலையருகே தர்க்கம் செய்கின்றனர்.

கலைஞரின் திறமை பெரிது. ஒடுக்கப்பட்டவர்களின் தலைவனாக வரும் பூவராகன், பிள்ளைகளை நீரிலிருந்து காப்பாற்றித் தான் மடியும் இடம் கண்ணீர் வருவிப்பது. அந்த ஒருவனுக்காகவேனும் படத்தைப் பார்க்கலாம். ஆனால் கதையின் கட்டுக்கோப்பு என்ன சொல்லுகிறது? அலை வந்தது நல்லதற்கு. கோடிப் பேர் பிழைக்கச் சில ஆயிரம் பேர் போனார்கள். கடவுள் உண்டு என்பவரும் இல்லை என்பவரும் கதையில் சமமாக வாதாடலாம். நாகைக் கரையில் பிள்ளையைப் புதைத்த தாய்க்கு இரண்டு கட்சியும் ஒன்றுதான். அவள் கேட்கக்கூடிய கேள்வி வேறு. சுமத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது நம் இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்கு. அலை தமிழகக் கரையைத் தொட்டதோ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சென்றபின். பினாங்கைத் தொட்டது சுமார் நான்கு மணி நேரத்துக்குப்பின். அத்தனை நேரம் இருந்தும் ஒரு மணி அடிக்க, ஒரு கொம்பு ஊத ஏன் ஆளில்லை? இந்துமகா சமுத்திரத்துக்கு அன்று எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. இந்தியாவின் ஏற்பாடு 2007இல்தான் ஹைதராபாத்தில் தொடங்கிற்று. படம் வந்தது அதற்கும் பின்பு. அந்த இரண்டு மணி நேரத்தைத் திரையில் காட்டியிருந்தால் பத்து வேடமும் வேண்டியிருக்காது.

அதே அலையைப் பற்றி ஸ்பானியரான பயோனா 2012இல் எடுத்த 'தி இம்பாசிபிள்' படத்தில் நீரின் வேகமும் உடம்பின் காயமும் மிக உண்மையாக வந்திருக்கின்றன. சயாம் கரையில் தவித்த ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் உண்மைக் கதை அது. சந்தைக்காக ஆங்கிலக் குடும்பமாக மாற்றப்பட்டது. அடிபட்ட தாயைத் தூக்கிச் செல்லும் சயாமியக் கிராமத்தார் அன்போடு வருகிறார்கள். வந்த வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். கடைசியில் இன்ஷுரன்ஸ் கம்பெனியின் விமானம் அக்குடும்பத்தைச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லுகிறது. கீழே நிற்கிறவர்கள் அன்று மாலை யாரைத் தேடினார்கள் என்று படம் கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளத்தைப் பற்றி ஜூட் ஆந்தனி ஜோசப் 2023இல் எடுத்த '2018' என்னும் மலையாளப் படம் மனத்துக்கு ஆறுதலளிக்கிறது. அவ்வெள்ளத்தில் 480 பேர் அளவில் மடிந்தனர். கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு வந்து, ஆயிரக்கணக்கானோரைக் கூரைகளிலிருந்து இறக்கினார்கள். வேறு நாளில் அவர்களை வாசலுக்குள் விடாத வீட்டாரும் அன்று அவர்கள் முதுகில் கால் வைத்துப் படகில் ஏறினர். இந்த மீனவர்களைப் படம் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது; அவர்கள் வீடு, கடன், பிள்ளை அப்பன்மேல் கொள்ளும் வெட்கம் யாவும் வருகின்றன. ஒரே நாயகன் என்று யாருமில்லை. மழையும் இருட்டும் செயற்கையாகத் தோன்றவில்லை. சிற்சில இடங்களில் கண்ணீரை வற்புறுத்திப் பிழிகிறார்கள், பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. அணைகளை முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறந்திருந்தால் வெள்ளம் தணிந்திருக்குமா என்பது அக்காலத்தில் கேரளமெங்கும் எழுந்த கேள்வி. உயர்நீதிமன்றத்துக்கு உதவிய வக்கீல் 2019இல் கொடுத்த அறிக்கை, அணைகளை நிர்வகித்ததில் தவறு உண்டு என்றது. மத்திய நீர்க் கமிஷன், மழையே காரணம் என்றது. படத்தில் மதகு திறக்கிறது, நீர் பாய்கிறது. திறக்க உத்தரவிட்டவர் யார், எத்தனை மணிக்கு உத்தரவிட்டார், கீழூர்களுக்கு எப்போது ஆள் அனுப்பினார் என்பது காட்டப்படவில்லை. காப்பாற்றியவர்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். மதகின் திருகைப் பிடித்திருந்தவர்களை அழைக்கவில்லை.